பரணில் கிடக்கும் டேப் ரெக்கார்டர்

நமது சங்க உறுப்பினர்கள் பலருடைய வீட்டுப் பரணிலோ, கடையின் மேல் அலமாரியிலோ துணி சுற்றிய ஒரு டேப் ரெக்கார்டரும், ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் சினிமாப் பாட்டுக் கேசட்டுகளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தப் பாட்டுகள் இன்று வேறு வழியில் கிடைக்கும். ஆனால் கடையைத் தொடங்கிய பெரியவர் புதுக்கணக்கு அன்று பேசிய பேச்சு, சங்கக் கட்டடத் திறப்பு விழாச் சொற்பொழிவு, வளைகுடா நாட்டுக்குப் போன பிள்ளைக்கு வீட்டார் பேசி அனுப்பிய குரல் கடிதம் ஆகியவை எந்த மண்டியிலும் கொள்முதலுக்குக் கிடைக்காத சரக்கு.

நம் கடையிலேயே ஒரு நஷ்டம் நேர்ந்தது. நமது தகப்பனார் 1986-ல் ஓர் ஓய்வான மாலையில் சரக்குப் பார்க்கும் முறையைப் பேசிப் பதிந்து வைத்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பரணில் கிடந்த கருவியை இறக்கி, தூசி தட்டி, அந்தக் கேசட்டைப் போட்டு பொத்தானை அழுத்தினோம். பழம்புளியைக் கையால் தொட்டே எப்படி அறிவது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் குரல் இழுத்தது, பிறகு நின்றது. பதற்றத்தில் கேசட்டைப் பிடுங்கினோம். நாடா அறுந்தது. புளியைப் பற்றி அவர் சொன்ன மீதி கிடைக்கவே இல்லை. தவறு கருவியுடையதல்ல, நம்முடையது. மற்றவர்களுக்கும் அப்படி நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

கேசட் என்பது பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் வெளியிட்ட அமைப்பு. அதனுள் இருப்பது நான்கு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் இரும்பு ஆக்ஸைடு பூச்சு. ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஓட வேண்டும். ஓடச் செய்வது ஒரு மெல்லிய எஃகுத் தண்டும் அதை அழுத்தி நிற்கும் சிறு ரப்பர் உருளையும். மோட்டாரிலிருந்து தண்டுக்குச் சுழற்சியைக் கொண்டு போவது ஒரு ரப்பர் பெல்ட். ரப்பர் என்றாலே வயது உண்டல்லவா? பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் உருளை கல்லாகிறது. பெல்ட் தளர்கிறது, சிலவற்றில் தார் போல உருகியும் விடுகிறது. சுருட்டும் சக்கரம் சரியாகச் சுற்றாமல், நாடா மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தால், அது உருளையில் போய்ச் சுற்றிக்கொள்கிறது. "டேப்பைக் கடித்துவிட்டது" என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆகவே பரணிலிருந்து இறக்கிய கருவியில் முதலில் போட வேண்டியது போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு பாட்டுக் கேசட். அதை அரைமணி நேரம் ஓடவிட்டு, இழுவை இல்லை, கடிக்கவில்லை என்று கண்ட பிறகே விலைமதிப்பற்றதைத் தொட வேண்டும். பெல்ட் போயிருந்தால் பழைய மெக்கானிக் எவரிடமாவது கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், பெரிய வேலையல்ல. உருளையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சுத்தம். நாடாவின் பூச்சு சிறிது சிறிதாக உதிர்ந்து ஹெட்டின் மேல் பழுப்பாகப் படியும். ஒலி மங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மருந்துக் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கேட்டு வாங்கி, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் நனைத்து, ஹெட்டையும் எஃகுத் தண்டையும் மெல்லத் துடைக்க வேண்டும். சில நிமிடம் காயவிட்ட பிறகு கேசட்டைப் போடலாம். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். மண்ணெண்ணெய், தின்னர், சென்ட் எதுவும் கூடாது. தையல் மெஷின் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு; பெல்ட்டில் ஒரு சொட்டுப் பட்டால் அது வழுக்கும்.

மளிகைக் கடையில் இந்தக் கருவிக்கு எதிரிகள் அதிகம். மிளகாய்த்தூளும் மாவுத்தூசியும் கேசட் வாசலில் நுழைந்துவிடும். சரக்கு நிறுத்த கையோடு பொத்தானை அழுத்துவதால் உப்பும் எண்ணெயும் ஏறும். சூட்டுக்கு ஆசைப்பட்டுக் கரப்பான் பூச்சியும் குடியேறும். கடையில் வைத்தே ஆக வேண்டுமென்றால், கல்லாவுக்குப் பின்னால், மூடி போட்டு வையுங்கள்.

மின்சாரம் பற்றி இரண்டு சொற்கள். பாட்டு ஓடும்போது கரண்ட் போனால், பொத்தானை எழுப்பிவிட வேண்டும். அழுந்திய நிலையிலேயே விட்டால் ரப்பர் உருளையில் தண்டு பதிந்து பள்ளம் விழும். பிறகு எந்தப் பாட்டும் அலைந்து கேட்கும். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த கருவியானால், பின்புறத்தில் வோல்டேஜ் என்ன போட்டிருக்கிறது என்று பாராமல் நமது 230 வோல்ட்டில் செருகக்கூடாது. பேட்டரிக் கட்டைகளில் புதியதையும் பழையதையும் கலக்காதீர்கள். உபயோகம் இல்லாத நாட்களில் கழற்றி வையுங்கள். தீர்ந்த கட்டை கசிந்து, உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகளை அரித்துவிடும்.

புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். தள்ளுவண்டியில் கூவி விற்கும் வாசகத்தைக்கூட முன்பு கேசட்டில் பதிந்துதானே போட்டோம்! அவர்கள் கவனிக்க வேண்டியது: கட்டை தீர்ந்துகொண்டிருக்கும்போது பதிந்தால் நாடா மெதுவாக ஓடிப் பதியும். பிறகு நல்ல கட்டை போட்டுக் கேட்கையில், பேசியவர் அவசர அவசரமாகக் கீச்சுக் குரலில் பேசுவார். சிறிய கருவிகளில் ஒலி அளவைக் கருவியே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பேச்சு நின்றதும் மின்விசிறியின் இரைச்சலைத் தூக்கிக் காட்டும். விசிறியை நிறுத்தி, பேசுபவருக்கு அருகில் வையுங்கள். கேசட்டின் தொடக்கத்தில் சில நொடிகளுக்குப் பதிவாகாத வெற்று நாடா உண்டு. அது தாண்டிய பிறகே பேச ஆரம்பிக்க வேண்டும்.

கேசட்டின் முதுகில் இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். நாடா தெரியும் பக்கம் கீழே இருக்குமாறு பிடித்தால், இடது மூலையில் உள்ள பல் நம்மைப் பார்க்கும் பக்கத்துக்கு உரியது. அதை உடைத்துவிட்டால் பதிவுப் பொத்தான் அழுந்தாது. பேரப்பிள்ளைகள் தாத்தாவின் குரல் மேல் தங்கள் பாட்டைப் பதிந்துவிட முடியாது. முக்கியமான கேசட்டுகளுக்கு இதை இன்றே செய்யுங்கள்.

நாடா சிக்கினால் இழுக்காதீர்கள். கருவியை நிறுத்தி, மூடியைத் திறந்து, உருளையை விரலால் பின்னோக்கித் திருப்பி, சுற்றைச் சுற்றாக எடுக்க வேண்டும். பிறகு ஆறு பட்டைப் பென்சிலைக் கேசட் சக்கரத்தில் விட்டுச் சுற்றினால் உள்ளே போய்விடும். சுருக்கம் விழுந்த இடம் சற்றுத் தடுமாறிக் கேட்கும், அவ்வளவுதான். அறுந்துவிட்டால் சாதாரண செல்லோ டேப் ஒட்டாதீர்கள். வெயில் காலத்தில் அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் சேர்த்து ஒட்டிவிடும். இதற்கென்று தனி ஒட்டுநாடா உண்டு. உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால், ஸ்குரூ போட்ட வேறு கேசட்டைத் திறந்து, அந்தக் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம். பொறுமையுள்ள கை வேண்டும்.

வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களில் அதிகம். அந்தக் கேசட்டைப் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே கேட்க வேண்டும்.

கடைசியாக, கம்ப்யூட்டரில் ஏற்றுவது. காதில் மாட்டும் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயர் வழியாகக் கம்ப்யூட்டரில் செலுத்தி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் உட்கார வேண்டும், அவசரப்பட வழியில்லை. ஓட்டும் முன் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றினால் ஒட்டிய சுற்றுகள் விடும். கருவியில் நம்பிக்கை இல்லாவிட்டால் பென்சிலாலேயே சுற்றுங்கள். ஏற்றியதை இரண்டு இடங்களில் வையுங்கள். ஏற்றியாகிவிட்டதே என்று மூலக் கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். யார் பேசியது, எந்த ஆண்டு என்று எழுதி, ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு எட்டாத, ஈரமில்லாத அலமாரியில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.