ஒரு சொல்லும் அதன் பதமும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து முன்னேற்ற அறிக்கை கைக்கு வந்த அன்று, பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களில் எட்டுப் பேரின் அறிக்கையில் ஒரே குறிப்பு காணப்பட்டது. 'கன்சிஸ்டென்ஸி போதாது' என்பதே அது. கையொப்பமிடுமுன் பெற்றோர் அதன் பொருளைக் கேட்டனர். எட்டு வீட்டில் எட்டு விடை சொன்னோம். எங்களுள் ஒருத்தி, 'உடம்பில் சத்துப் போதாது என்று எழுதியிருக்கிறார்கள்' என்று சொல்லி அன்றிரவு கூடுதலாக ஒரு முட்டையே பெற்றுவிட்டாள்!

மறுநாள் நூலகத்தில் அகராதியைப் புரட்டினோம். 'கன்சிஸ்டரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் இது. உறுதியாய் நிற்றல், சேர்ந்து நிற்றல் என்பது அவ்வினையின் பொருள். திருத்தந்தை தம் கர்தினால்மாரைக் கூட்டும் மன்றத்திற்குக் 'கன்சிஸ்டரி' என்று பெயர். அதுவும் இதே வேரில் முளைத்ததுதான். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தாம் பதவி விலகுவதாக அறிவித்தது 2013 பிப்ரவரி 11 அன்று கூடிய அத்தகைய மன்றத்தில்தான். நம் முன்னேற்ற அறிக்கைக்கும் வத்திக்கானுக்கும் இப்படியோர் உறவு இருக்குமென்று யார் கண்டது?

அகராதி முதலில் தந்த பொருளோ, ஒரு குழம்பின் அல்லது கூழின் கெட்டித்தன்மை. இதைப் படித்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தமிழில் இதற்கு அழகான சொல் ஒன்று நம் அடுப்படியிலேயே இருக்கிறது. அதுதான் 'பதம்'. தோசை மாவுக்கு ஒரு பதம், இட்லி மாவுக்கு ஒரு பதம். பாகுக்கோ பதங்கள் பல. குலோப் ஜாமூனுக்குப் பாகு விரலில் பிசுபிசுத்தாற் போதும். மைசூர்பாகுக்கு இரு விரல்களுக்கிடையே ஒரு கம்பி இழுபட வேண்டும். அதிரசத்துக்குத் தண்ணீரில் விட்ட துளி மெத்தென்று உருள வேண்டும். கடலை மிட்டாய்க்கு அதே துளி தட்டில் விழுந்து 'டக்'கென்று ஓசை எழுப்ப வேண்டும்.

கொதிக்கக் கொதிக்கப் பாகிலுள்ள நீர் ஆவியாகி இனிப்பின் செறிவு கூடுகிறது. செறிவு கூடக் கூடக் கொதிநிலையும் ஏறுகிறது. சர்க்கரைப் பாகு மெத்தென உருளும் நிலை சுமார் 112 முதல் 116 பாகை சென்டிகிரேடு வரை. முறுகி உடையும் நிலை சுமார் 146 பாகைக்கு மேல். அம்மாக்கள் வெப்பமானி வைத்தா பார்க்கிறார்கள்? கிறிஸ்துமஸ் விற்பனைக்கு நாங்கள் அதிரசம் செய்யப் போனபோது பேச்சில் மூழ்கிப் பதத்தைத் தவறவிட்டோம். பாகைக் கொட்ட எழுந்தவளைத் தடுத்து, சமையற்கூடத்து அக்கா ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மறுபடியும் அடுப்பில் ஏற்றினார். பாகு இளகிப் பதத்துக்குத் திரும்பியது.

கட்டட வேலையிலும் இச்சொல் உண்டு. பாலிடெக்னிக்கில் பயிலும் எங்கள் தோழியின் அண்ணன் விளக்கினார். பிரெஞ்சுப் பொறியாளர் விகா பெயரால் வழங்கும் கருவியில், குழைத்த சிமெண்டை 40 மில்லிமீட்டர் உயர அச்சில் நிரப்பி, 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டை இறங்க விடுவார்களாம். அது அடியிலிருந்து 5 முதல் 7 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் பதம் சரி. அதிரசப் பாகுக்குச் செய்யும் சோதனையை விட இது எளிதென்றே எங்களுக்குத் தோன்றியது.

கணிதத்தில் பொருள் வேறு. இரண்டு எண்களைக் கூட்டினால் 10, கழித்தால் 2 என்றால் விடை 6, 4. இரண்டு செய்திகளும் ஒத்துப் போகின்றன. இதனை ஒருங்கமைவு என்கிறோம். கூட்டினால் 10, ஆனால் இரண்டையும் இரட்டித்துக் கூட்டினால் 30 என்று ஒருவர் சொன்னால்? இரட்டித்தால் 20 தானே வரவேண்டும்! எத்தனை தாள் வீணாக்கினாலும் விடை கிடைக்காது. பேச்சிலும் இவ்வாறே. நேற்றுச் சொன்னதும் இன்று சொல்வதும் மோதினால் அது முரண்பாடு. ஆயினும் மனிதர் சமன்பாடுகள் அல்லரே! தம் எழுத்துகளில் இரண்டு ஒன்றோடொன்று மாறுபடக் கண்டால் பிந்தியதையே கொள்ளுங்கள் என்று காந்தியடிகள் 1933-இல் 'ஹரிஜன்' ஏட்டில் எழுதினார்.

இனி, எங்கள் அறிக்கைக்கு வருவோம். அங்கே இச்சொல்லுக்குச் சீரான தன்மை என்று பொருள். எங்களுள் ஒருத்தி நான்கு தேர்வுகளிலும் 37, 36, 37, 36 வாங்கியவள். அவள் அறிக்கையில் அக்குறிப்பே இல்லை. 'இவ்வகுப்பின் கன்சிஸ்டென்ஸி நான்தான்' என்று அவள் மேசை மீது ஏறி அறிவித்தபோது நாங்கள் கைதட்டினோம். சீராக இருப்பது வேறு, சிறப்பாக இருப்பது வேறு என்பதை அவளைவிட யாரும் எங்களுக்குத் தெளிவாக விளக்கியதில்லை.

குறிப்புப் பெற்ற எட்டுப் பேரில் ஏழு பேர் அதற்குத் தகுதியானவர்களே. தொலைக்காட்சியும் சோம்பலுமே காரணம். எட்டாமவள் கைதட்டவில்லை. அவள் மதிப்பெண்கள் ஜூலையில் 82, ஆகஸ்டில் 79, காலாண்டில் 41, அரையாண்டில் 76. காலாண்டின்போது அவள் அம்மா மருத்துவமனையில் இருந்தார். விடியற்காலை சமைத்து, தம்பியர் இருவரையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வந்தவள் அவள். அதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. சொல்லின் பொருள் தேடித் திரிந்தபோதுதான் நாங்களே அறிந்தோம். மதிப்பெண்ணைப் பார்த்தால் சீரில்லை; அவள் வருகைப் பதிவைப் பார்த்தால் எங்களில் எவரும் அவளருகே நிற்க முடியாது. ஒரே மாதத்துக்கு ஒரே சொல் இரண்டு விதமாகப் பேசியது.

வகுப்பாசிரியையான சிஸ்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவளது அறிக்கையைக் கேட்டு வாங்கினார். குறிப்பை அடிக்கவில்லை, மதிப்பெண்கள் ஏறி இறங்கியது உண்மைதானே. அதன் கீழே, 'காலாண்டின்போது இம்மாணவி வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தாங்கினாள். ஒரு நாளும் வராமலிருக்கவில்லை' என்று சிறிய எழுத்தில் எழுதினார். மறுநாள் அவள் அந்த அறிக்கையைத் திருப்பிக் கொண்டு வந்தாள். வழக்கமாக அவள் அப்பா கையொப்பமிடும் இடத்தில் இம்முறை அம்மா கையொப்பமிட்டிருந்தார்.