ரத்தக் கொதிப்புக்கு மின்சார ஊசி வைத்தியம்

தணிக்கையின் நிமித்தம் நாம் செல்லும் சங்கங்களில், அங்கத்தினர்கள் கணக்கைப் பற்றி மட்டுமன்றி உடல்நலத்தைப் பற்றியும் வினவுவதுண்டு. நெசவாளர் சங்கமொன்றின் மூத்த அங்கத்தினர் ஒருவர், "ஊசியில் மின்சாரம் பாய்ச்சினால் ரத்தக் கொதிப்பு அடங்கிவிடுமாமே, இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். அவருக்குக் கூறிய விடையைப் பிறரும் அறிதல் நலமெனக் கருதி இங்கு வரைகின்றோம்.

அக்குபங்சர் என்பது சீன தேசத்தில் பண்டுதொட்டு வழங்கிவரும் வைத்தியம். மயிரிழை போன்ற ஊசிகளை உடலின் குறிப்பிட்ட இடங்களில் செருகுவர். அவ்வூசிகளைச் சிறு கருவியுடன் கம்பியால் இணைத்து, மிக மெல்லிய மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்துவதே மின்சார ஊசி முறை.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் கிளையில் டாக்டர் ஜான் லாங்ஹர்ஸ்டும் அவர்தம் துணைவர்களும் இதனை ஆராய்ந்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டனர். மாத்திரை உட்கொள்ளாத, கடுமையற்ற ரத்தக் கொதிப்புள்ள 65 பேரை இரு பிரிவாக்கினர். வாரம் ஒரு முறை, 30 நிமிஷம், 8 வாரம் சிகிச்சை நடந்தது. ஒரு பிரிவினருக்கு மணிக்கட்டின் உட்புறத்திலும் முழங்காலுக்குக் கீழும், மற்றப் பிரிவினருக்கு வேறிடங்களிலும் ஊசி செருகினர். முதற் பிரிவினரில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் அழுத்தம் 6 முதல் 8 மில்லிமீட்டரும், கீழ் அழுத்தம் 4 மில்லிமீட்டரும் குறைந்தன. மற்றப் பிரிவில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. ஊசியின் தூண்டுதல் நரம்பு வழியே மூளையின் அடித்தண்டுக்குச் சென்று, ரத்தக் குழாய்களை இறுக்கும் நரம்புகளின் வேகத்தைத் தணிக்கிறது என்பது அவர்கள் கருத்து.

ஆயினும் ஒரே பேரேட்டைக் கண்டு கணக்கை முடிப்பது தணிக்கையாகாது. மேற்கண்ட பலன் சிகிச்சை முடிந்தபின் ஏறத்தாழ ஒன்றரை மாதமே நிலைத்தது. ஜெர்மனியில் மின்சாரமின்றி ஊசி மட்டும் செருகிய ஆராய்ச்சியிலும் (2007) அழுத்தம் குறைந்தது. மூன்று மாதத்தில் அப்பலன் மறைந்துவிட்டது. இவ்வைத்தியம் பற்றிய 22 பரிசோதனைகளை ஒருங்கே சீர்தூக்கிய காக்ரேன் அமைப்பு, நெடுங்காலம் நிலைக்கும் பலனுக்குச் சான்றில்லை என 2018-ல் தெரிவித்தது.

ஆகவே அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும். மேல் அழுத்தம் 170 உள்ளவருக்கு 8 குறைந்தாலும் 162 எஞ்சும், அபாயம் நீங்கவில்லை. ரத்தக் கொதிப்பு வலியின்றியே வளர்ந்து, பக்கவாதத்தையும் மாரடைப்பையும் சிறுநீரகக் கேட்டையும் விளைவிப்பது. வலியில்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்துவது, கேட்பு நோட்டீஸ் வரவில்லை என்பதற்காகக் கடன் தவணையை நிறுத்துவது போன்றதே; வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும்.

ஊசி வைத்தியத்தை விரும்புவோர் டாக்டரின் யோசனை பெற்று, மாத்திரையுடன் துணையாக, பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே செய்துகொள்க. ஊசி புதிதாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்கள் மின்சார முறையை நாடலாகாது.

உப்பைக் குறைத்து, புகையிலையை ஒழித்து, நாள்தோறும் நடந்து, காலந்தவறாது அழுத்தத்தை அளந்து வருக. நம்மிடம் வினவிய பெரியவர் மாத்திரையைக் கைவிடவில்லை என்றறிந்து மகிழ்ந்தோம். ஏனைய அங்கத்தினர்களும் அவ்வழி நிற்பாராக.