ஒரு பிடித் தூளுக்குள் ஒரு மைதானம்

அடுப்புக் கரித்துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமே இருக்காது. ஏன்? கரிக்குள் எண்ணற்ற துளைகள் இருக்கின்றன. பல துளைகள் கண்ணுக்குத் தெரியாது.

கெட்ட வாடை வரும் இடத்தில் கரியைப் போட்டு வைப்பது உண்டு. வாடை குறையும். வாடை தரும் வாயு, துளையின் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. துளை அதிகமானால் சுவர் அதிகம். சுவர் அதிகமானால் ஒட்டும் வாயுவும் அதிகம்.

ஆனால் கரியின் துளைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. வேண்டிய அளவில் நாமே துளை அமைத்தால் என்ன? இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் உமர் யாகி. அவர் ஒரு வேதியியல் அறிஞர்.

படிப்பறியாத தாயின் மகன்

யாகி 1965-ஆம் ஆண்டு ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரில் பிறந்தார். பாலஸ்தீன அகதிக் குடும்பம். ஒரே அறையில் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் வாழ்ந்தார்கள். வளர்த்த கால்நடைகளும் அங்கேதான். மின்சாரம் இல்லை. தண்ணீருக்கும் பஞ்சம். அப்பா ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

10 வயதில் யாகி நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பிரித்தார். உருண்டையும் குச்சியுமாகச் சில படங்கள் இருந்தன. அவை மூலக்கூறுகளின் படங்கள். அந்தப் படங்கள் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டன.

15 வயதில் அமெரிக்கா போனார். கடையில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். தரை துடைத்தார். கூடவே படித்தார். பேராசிரியர் ஆனார்.

சாரம் கட்டுவது போல

கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்புகள் சேரும் இடத்தில் முடிச்சுப் போடுவார்கள். நடுவில் காலி இடம் இருக்கும். யாகி செய்ததும் இதுதான். ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவில் செய்தார். உலோக அணுக்கள் முடிச்சு. கரிமப் பொருள் கம்பு. கம்பு நீளமானால் துளை பெரிதாகும்.

1999-இல் துத்தநாகத்தை முடிச்சாக வைத்து ஒரு பொருளைச் செய்தார். அதன் பெயர் எம்.ஓ.எஃப்-5. அதில் சில கிராம் போதும். உள்ளே உள்ள சுவர்களை எல்லாம் விரித்தால் ஒரு கால்பந்து மைதானம் அளவு வரும்!

காற்றைச் சலிக்கும் தூள்

நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிந்தால் கரியமில வாயு வருகிறது. இது பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. தொழிற்சாலைகள் பெருகும் முன், 10,000 பங்கு காற்றில் இந்த வாயு 3 பங்குகூட இல்லை. இப்போது 4 பங்குக்கு மேல். பூமி சூடாகிறது.

இந்த 4 பங்கை மட்டும் பிரிப்பது எளிதல்ல. அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. 2024-இல் யாகியின் குழு இதற்கு ஒரு மஞ்சள் நிறத் தூளைச் செய்தது. இதில் உலோகம் இல்லை. துளைகளுக்குள் அமீன் என்ற பொருள் இருக்கிறது. அது கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். 60 டிகிரி சூடாக்கினால் விட்டுவிடும். உடனே அடுத்த முறைக்குத் தயார். 100 முறை செய்தும் தூளின் திறன் குறையவில்லை. 200 கிராம் தூள் ஓர் ஆண்டில் 20 கிலோ வாயுவைப் பிடிக்கும் என்று கணக்கிட்டுள்ளனர்.

2025-இல் யாகிக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானின் சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ரிச்சர்ட் ராப்சன் ஆகியோரும் அதைப் பகிர்ந்துகொண்டனர்.

தூள் மட்டும் போதுமா? போதாது. சூடாக்க எரிசக்தி வேண்டும். பிடித்த வாயுவைப் பத்திரமாக வைக்க இடம் வேண்டும். தொட்டி நிரம்பி வழிந்தால் என்ன செய்வோம்? முதலில் குழாயை மூடுவோம். பிறகு தண்ணீரை இறைப்போம். இங்கும் அப்படித்தான். புகையைக் குறைப்பது முதல் வேலை. ஏற்கெனவே கலந்த வாயுவை எடுப்பது அடுத்த வேலை. அதற்குத்தான் இந்தத் தூள்.