வானிலிருந்து வந்த ஆயுதம்: நேச நாட்டு விசேட விமானப் பணிகளும் மலாய எதிர்ப்பியக்கமும்

இரண்டாம் உலகப் போரின் வான்படை வரலாறு பெரும்பாலும் குண்டுவீச்சு விமானங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வீசப்பட்ட குண்டுகளின் நிறை, தகர்க்கப்பட்ட நகரங்கள், இழக்கப்பட்ட விமானங்கள் என்பனவே அவ்வரலாற்றின் அளவுகோல்கள். அதே வகை விமானங்கள் சில வேளைகளில் குண்டுகளுக்குப் பதிலாக ஆட்களையும் ஆயுதங்களையும் வானொலிக் கருவிகளையும் ஏற்றிச் சென்று, எதிரியின் பிடியிலிருந்த நிலப்பரப்பில் இரகசியமாக இறக்கின. 'விசேட பணிகள்' எனப்பட்ட இப்பறப்புகள் போர் வரலாற்றின் அடிக்குறிப்பாகவே கருதப்படுகின்றன. ஆயின், ஏகாதிபத்தியத்துக்கும் அதன் ஆட்சிக்குட்பட்ட மக்களுக்கும் இடையே போர்க்காலத்தில் உருவான முரண்பட்ட உறவை விளங்கிக்கொள்ள விரும்புவோருக்கு இவ்வடிக்குறிப்பே முக்கியமான பாடமாகும். இலங்கைத் தளங்களிலிருந்து சுமாத்திராவுக்கும் மலாயாவுக்கும் சென்ற விமானங்களைக் கொண்டு இதனை நோக்கலாம்.

1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியாவும் யப்பானியர் வசமாயின. றப்பர், ஈயம், எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒருங்கே இழந்த நேச நாடுகளுக்கு, இந்து சமுத்திரத்தைக் கடந்து தாக்குவதற்கு இலங்கை தளமாயிற்று. 1944 ஆகஸ்ட் 10ஆம் திகதி திருகோணமலையின் சீனன்குடாத் தளத்திலிருந்து 54 அமெரிக்க பி-29 விமானங்கள் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிப் புறப்பட்டன. அவற்றுள் 31 சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கின. 8 விமானங்கள் மூசி ஆற்றில் கண்ணிகளை இட்டன. பெரும் ஆயத்தங்களோடு நடத்தப்பட்ட இத்தாக்குதலால் நிலையத்துக்கு ஏற்பட்ட சேதம் அற்பமே. 1945 மார்ச்சில் இலங்கையிலிருந்து சென்ற பிரித்தானிய லிபரேற்றர் விமானங்கள் சிங்கப்பூர்க் கடற்பாதைகளில் கண்ணிகளை இட்டுத் திரும்பின. அப்பறப்பு ஏறத்தாழ 3,460 மைல் தூரமும் 21 மணித்தியாலமும் கொண்டது.

இத்தகைய தாக்குதல்களில் நிலத்திலுள்ள மனிதர் விமானிக்குத் தேவைப்படுவதில்லை. அவனுக்குத் தேவை இலக்கு மட்டுமே. விசேட பணி விமானத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. 1945இல் மின்னேரியாவிலிருந்தும் வங்காளத்தின் ஜெசூரிலிருந்தும் லிபரேற்றர்கள் மலாயாவுக்குப் பறந்தன. மின்னேரியாவிலிருந்து பேராக் காடுகள் ஒரு வழியில் மட்டும் ஏறக்குறைய 1,400 மைல். தூரம் கூடக்கூட எரிபொருளின் நிறை கூடியது. பொதியின் நிறை குறைந்தது. இத்தனைக்கும் பிறகு மலையிடுக்கில் தாழப் பறந்து, குறித்த வெட்டவெளி ஒன்றில் உருளைப் பெட்டிகளைப் பரசூட்டில் இறக்கவேண்டும். அந்த வெட்டவெளியைத் தெரிவு செய்தவர், தீமூட்டி அடையாளம் காட்டியவர், விழுந்த பெட்டிகளை விடியுமுன் சுமந்து மறைத்தவர் அனைவரும் நிலத்திலிருந்த மக்களே. அவர்களின்றி அவ்விமானம் பயனற்றது. எனவே, குண்டுவீச்சு தொழில்நுட்பப் பிரச்சினையாக இருந்த அளவுக்கு விசேட பணி அரசியற் பிரச்சினையாக இருந்தது.

மலாயாவில் அம்மக்கள் யாவர்? 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் யப்பானியப் படையினர் சீன மக்களைப் பெருந்தொகையிற் கொன்றனர். அந்தக் கொடுமையின் பின்னணியில் காடேறி ஆயுதம் தாங்கிப் போராடியோரில் முதன்மையானது, மலாயக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் அமைந்த யப்பானிய எதிர்ப்பு மக்கள் படையாகும். காட்டோரக் குடியேற்றங்களில் மரவள்ளியும் காய்கறியும் பயிரிட்ட ஏழை விவசாயிகளே அப்படைக்கு உணவும் செய்தியும் கொடுத்தனர். இக்கட்சி போருக்கு முன்னர் பிரித்தானிய ஆட்சியினாற் சட்டவிரோதமாக ஒடுக்கப்பட்ட கட்சி என்பது மனங்கொள்ளத்தக்கது. 1943 மே மாதத்தில் ஜோன் டேவிஸ் என்ற அதிகாரியும் சில சீன முகவர்களும் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கினர். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில், பின்னர் 'படை 136' எனப் பெயர் பெற்ற பிரித்தானிய இரகசிய அமைப்புக்கும் கட்சிக்குமிடையே காட்டில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆயுதமும் பணமும் மருந்தும் பயிற்சியும் பிரித்தானியர் தருவர். படை நடவடிக்கைகளில் கெரில்லாக்கள் நேச நாட்டுத் தலைமையின் கட்டளைக்கு இணங்குவர். போருக்குப் பின் மலாயாவை யார் ஆள்வது என்ற வினா ஒத்திவைக்கப்பட்டது.

இவ்வொத்திவைப்பே முழு விடயத்தின் மையமாகும். பாசிசத்துக்கெதிரான ஐக்கிய முன்னணி உண்மையான தேவையின் அடிப்படையில் எழுந்தது. அதனை வெறும் சூழ்ச்சியாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் முன்னணியின் இரு பகுதியினரும் ஒரே போரை நடத்தவில்லை. ஒரு பகுதியினர் இழந்த குடியேற்ற நாட்டை மீட்கப் போரிட்டனர். மறு பகுதியினர் குடியேற்ற ஆட்சியே இல்லாத நாட்டுக்காகப் போரிட்டனர். ஒரே பரசூட்டில் இறங்கிய துப்பாக்கி இரு நோக்கங்களுக்குச் சொந்தமாயிருந்தது. கட்சியின் சார்பில் உடன்படிக்கை செய்த பொதுச் செயலாளர் லாய் தெக், பிரித்தானியருக்கும் பின்னர் யப்பானியருக்கும் உளவு பார்த்தவர் என்பது 1947இல் அம்பலமாயிற்று. முரண்பாட்டைத் தனியொருவரின் துரோகத்துக்குள் அடக்கிவிட முடியாதெனினும், அத்துரோகம் அதன் கூர்மையை ஈராண்டு மறைத்தது எனலாம்.

1945 டிசம்பரில் மக்கள் படை கலைக்கப்பட்டது. ஆயுதங்களை ஒப்படைத்தோருக்கு ஆளுக்கு 350 டொலர் வழங்கப்பட்டது. கெரில்லாத் தலைவர் சின் பெங் பிரித்தானியரின் பதக்கமும் விருதும் பெற்றார். 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டதும் அதே மனிதரின் தலைக்கு விலை கூறப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் ஆயுதம் வைத்திருப்பதே மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. அகில மலாயத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் திகதி கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். நான்காண்டுகளுக்கு முன்னர் ஆயுதத்தை வானிலிருந்து கொட்டிய அரசே, ஆயுதத்துக்காக ஒரு தொழிற்சங்கவாதியின் உயிரைப் பறித்தது.

விமானங்களும் திரும்பி வந்தன. 1950 முதல் லிங்கன் குண்டுவீச்சு விமானங்கள் மலாயக் காடுகளைத் தாக்கின. கெரில்லாக்களுக்கு உணவும் ஆயுதமும் இறக்கப் பயன்பட்ட பரசூட் முறை, கெரில்லாக்களைத் தேடிச் சென்ற படையினருக்கு உணவிறக்கப் பயன்பட்டது. காட்டோரக் குடியானவர்கள் முட்கம்பி வேலியிட்ட புதிய கிராமங்களில் அடைக்கப்பட்டனர். கீழிருந்து தீமூட்டி வழிகாட்டிய மக்களின் பலத்தைப் பிரித்தானிய ஆட்சி விசேட பணிகளின் மூலம் நன்கறிந்திருந்தது. அதனாலேயே அம்மக்களைக் கெரில்லாக்களிடமிருந்து பிரிப்பதை முதற் பணியாகக் கொண்டது.

மலாயக் காட்டில் மூன்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிரித்தானிய அதிகாரி ஸ்பென்சர் சப்மன் 1949இல் வெளியிட்ட நூலின் பெயர், காடு நடுநிலையானது என்று பொருள்படுவது. தனிமனிதனின் மனவுறுதியே அவனைக் காப்பதும் அழிப்பதும் என்ற கருத்தை அப்பெயர் சுமந்து நிற்கிறது. இலக்கிய மாணவர் இங்கே ஒரு வினாவை எழுப்பவேண்டும். அவருக்கு உணவளித்தவர், நோயிற் பேணியவர், காவல் நின்றவர் யாவர்? காடு நடுநிலையாக இருந்திருக்கலாம்; காட்டில் வாழ்ந்த மக்கள் நடுநிலையாளரல்லர். அவர்கள் ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுத்தமையாலேயே விமானம் இலக்கை அடைந்தது. விசேட பணிகளின் வரலாறு விமானிகளின் துணிவை உரியவாறு போற்றட்டும். தீமூட்டியவரின் வரலாறும் எழுதப்படும்போதே அது முழுமையடையும்.