தலைவர் உருவாகும் விதம்

தலைமை என்பது பிறவியிலேயே வாய்க்கும் வரம் என்னும் எண்ணம் மக்களிடையே பெரிதும் நிலவுகின்றது. கம்பீரமான தோற்றமும் நாவன்மையும் உடைய ஒருவரைக் கண்டவுடன், இவர் தலைவராகவே பிறந்தவர் என்று கூறிவிடுகின்றனர். அனுபவமே தலைவரை ஆக்குகின்றது என்போரும் உளர். ஆனால் முப்பது ஆண்டுகள் பதவி வகித்தும், முதலாண்டில் நின்ற இடத்திலேயே நிற்பவர்களை எந்த ஊரிலும் காணலாம். ஆதலின் அனுபவம் மட்டும் போதாது. நேர்ந்ததைத் தம் உள்ளத்தில் ஆராய்ந்து, அதற்கேற்பத் தம் ஒழுகலாற்றை மாற்றிக்கொள்பவர்க்கே அனுபவம் ஆசானாகின்றது. இதற்குத் தக்க சான்று, மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1893 முதல் 1914 வரை தென்னாபிரிக்காவிற் பெற்ற பயிற்சியாகும்.

இலண்டனிற் சட்டம் பயின்று 1891இல் இந்தியா திரும்பிய அவ்விளைஞர் இயல்பாகவே கூச்சம் மிக்கவர். பம்பாயில் சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்திற் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தபோது அவருக்குத் தலை சுற்றியது, நாவும் எழவில்லை. வேறொரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறு கூறிவிட்டு வெளியேறினார். பின்னர் இந்திய வணிகர் ஒருவரின் வழக்கிற்கு உதவும் பொருட்டு 1893இல் தென்னாபிரிக்கா சென்றார். முதல் வகுப்புப் பயணச்சீட்டு வைத்திருந்தும், பீற்றர்மாரிற்ஸ்பேர்க் நிலையத்திற் புகையிரதத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டார். கடுங்குளிரில் அவ்விரவைக் கழித்தார்.

இத்தகைய அவமதிப்பு அந்நாட்டில் இந்தியர் பலருக்கு நேர்ந்ததே. அதன் பின்னர் அவர் செய்த செயலே கருதத்தக்கது. பிரிற்றோறியா நகரை அடைந்ததும் அங்குள்ள இந்தியரை ஒன்றுகூட்டிப் பேசினார். வாணிகத்தில் வாய்மையும், வாழ்விடத்திற் சுத்தமும் வேண்டும் என்பதைத் தம்மவர்க்கு எடுத்துரைத்தார். ஆங்கிலம் கற்க விரும்புவோர்க்குத் தாமே கற்பிப்பதாகவும் கூறினார். முன்வந்தவர் மூவரே: நாவிதர் ஒருவர், எழுதுவினைஞர் ஒருவர், சிறுகடைக்காரர் ஒருவர். அவர்கள் இருக்குமிடம் தேடிச் சென்று கற்பித்தார். பம்பாயில் எழாத நா பிரிற்றோறியாவில் எழுந்ததன் காரணம் இங்கே விளங்குகின்றது. தம்மைப் பற்றிய நினைவு குறையக் குறையக் கூச்சமும் குறைந்தது.

அவர் உதவச் சென்ற வழக்கும் ஒரு பாடம் புகட்டிற்று. இரு தரப்பினரும் உறவினர். வழக்கு நீளுமாயின் இருவரும் அழிவர் என்பதை உணர்ந்து, நடுவர் தீர்ப்புக்கு இணங்கச் செய்தார். தம் கட்சிக்காரர் வென்றதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. தோற்றவர் முழுத்தொகையையும் ஒருங்கே செலுத்த நேர்ந்தால் நிலைகுலைந்து போவார் என்றெண்ணி, தவணை முறையிற் செலுத்த வழி செய்தார். எதிர்த்தரப்பையும் மனிதராக மதிக்கும் பண்பு, பிற்காலத்தில் அவர் அரசாங்கத்துடன் பேச்சு நடத்திய வேளைகளிற் கைகொடுத்தது.

1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரசு அமைந்தது. அதன் உறுப்பினர் மாதம் 5 சிலிங் சந்தா செலுத்தல் வேண்டும். வணிகர்க்கு அஃது எளிது. ஒப்பந்தக் கூலிகளாகத் தோட்டங்களில் உழைத்தவர்க்கு எட்டாத தொகை. இந்நிலையில் ஒருநாள் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, எசமானனால் அடியுண்டு, பற்கள் உடைந்து, குருதி ஒழுகும் வாயுடன், தலைப்பாகையைக் கையில் ஏந்தியவராய்க் காந்தியின் முன் வந்து நின்றார். காந்தி முதலில் தலைப்பாகையை அணிந்துகொள்ளுமாறு அவரிடம் கூறினார். பின்னர் மருத்துவரிடமும் நீதவானிடமும் அழைத்துச் சென்று, வேறோர் எசமானனிடம் மாற்றுவித்தார். செய்தி தோட்டமெங்கும் பரவியது. கூலி மக்கள் அவரை நாடி வரலாயினர். சங்கத்தின் வாயில் யாருக்கு மூடியிருந்ததோ, அவர்களே தம் சேவைக்கு முதல் உரியவர் என்பதைக் காந்தி அறிந்துகொண்டார்.

ஆயினும் அறிந்தது செயலாக முதிர்வதற்கு நெடுங்காலம் சென்றது. ஒப்பந்தம் முடிந்தும் நாட்டில் தங்கும் தொழிலாளர் ஆண்டுதோறும் 3 பவுண் வரி செலுத்தல் வேண்டுமென நேட்டாலில் 1895இற் சட்டம் வந்தது. அவ்வரியை ஒழிக்கும் பெரும் போராட்டம் 1913இலேதான் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் தம்மையே திருத்திக்கொண்டார். 1910இல் ஜோகானஸ்பேர்க் நகருக்கு அப்பால் 1,100 ஏக்கர் நிலத்தில் தோல்ஸ்தோய் பண்ணை தொடங்கியது. சமையல் முதல் துப்புரவு வரை எல்லா வேலையையும் அங்கு வாழ்ந்தோரே செய்தனர். ஆசிரியர் தாம் செய்யாத எதனையும் மாணவரைச் செய்யுமாறு கேட்கலாகாது என்பது அங்கே வழக்கமாயிருந்தது.

1913 நவம்பரில், 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 சிறுவரும் எல்லை கடந்து திரான்ஸ்வால் நோக்கி நடந்தபோது, காந்தி அவர்களோடு நடந்தார், சிறையும் சென்றார். சிறையில் நோயுற்று வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை, 1914 பெப்ரவரியில் தம் பதினாறாம் வயதில் உயிர்துறந்தார். அவ்வாண்டிலேயே 3 பவுண் வரி நீக்கப்பட்டது. பின்பற்றுவோர் கொடுக்கும் விலை இத்துணைப் பெரிதாயின், தலைவர் தம்மைப் பண்படுத்திக்கொள்வது அவருடைய சொந்த விடயமாக மட்டும் இருத்தல் இயலாது.

காந்தியின் கற்கையிலும் குறை இருந்தது. அம்மண்ணின் மைந்தராகிய ஆபிரிக்கர் அனுபவித்த கொடுமைகளைத் தம் போராட்டத்தினுள் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. அக்கால எழுத்துக்கள் சிலவற்றில் அவர்களைத் தாழ்வாகவும் குறிப்பிட்டார். 1906இல் காயமுற்ற சூலு மக்களுக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்த பின்னரும் அவ்வெல்லை விரியவில்லை; பார்வை விரிவடைந்தது பிற்காலத்திலேயே. கண் எதிரே நிகழ்வது அனைத்தும் கல்வியாகிவிடுவதில்லை. எதனைக் காண மனம் இசைகின்றதோ அதுவே கல்வியாகின்றது.

1915இல் இந்தியா திரும்பியவர், கோபால கிருஷ்ண கோகலேயின் அறிவுரைப்படி ஓராண்டு பொதுப் பிரச்சினைகளைப் பற்றிப் பேசாது நாட்டைச் சுற்றிப் பார்த்தார். இருபத்தோராண்டு அனுபவமுடையவர் மீண்டும் மாணவராயினார்.

சனசமூக நிலையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பொறுப்பேற்க முன்வரும் இளைஞர்க்கு நாவன்மை இல்லையே என்ற கவலை வேண்டுவதில்லை. தம் சங்கத்தின் வாயில் எவர்க்கு மூடியிருக்கின்றது என்று பார்க்கும் கண்ணும், அதனைத் திறக்கும் பொருட்டுத் தம்மை மாற்றிக்கொள்ளும் துணிவும் இருந்தாற் போதும். அவை பிறப்பில் வருவன அல்ல. நாள்தோறும் பயின்று பெறுவன.