உப்புக்குக் கணக்கு உண்டா?

முன்னேறிய நாகரிகம் என்றாலே மண்ணையும் நீரையும் கெடுத்துத்தான் வாழ வேண்டுமா என்ற கேள்வியைப் பாலாற்றங்கரையில் கேட்பவர், தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முற்றாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்று 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் குறித்ததை மறக்க இயலாது.

அதே தோல் ஒரு காலத்தில் வயலுக்கு நீர் வார்த்தது. கவலை இறைப்பில் மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலேறி, அதன் அடியில் கட்டிய தோல் வால் விரிந்து தொட்டியில் நீரைக் கொட்டும். அத்தோலைப் பதப்படுத்தியவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். வாரக்கணக்கில் குழியில் ஊறிய பின் எஞ்சியது மண்ணோடு மட்கும் சக்கைதான். 1970களுக்குப் பின், ஒரே நாளில் காரியத்தை முடிக்கும் குரோமியம் ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் பதனிடும் ஷாப்புகளில் ஆட்சி பெற்றது.

குரோமியத்தைப் பழிக்காதவர் இல்லை. என் விசாரமெல்லாம் உப்பைப் பற்றியது. தொலைதூரத்திலிருந்து வரும் தோல் அழுகாதிருக்கத் தடவிய உப்பு, உதறும்போது தரையெங்கும் சிந்தி, மிச்சம் முதல் ஊறலிலேயே ஜலத்தில் கரைகிறது. குரோமியத்தைக் காரமிட்டுப் படியவைக்கலாம், அழுகும் கழிவை நுண்ணுயிர்கள் தின்னும். கரைந்த உப்போ இரண்டுக்கும் மசிவதில்லை. சவ்வில் பிரித்துக் காய்ச்சி எடுத்தாலும், கொள்வாரின்றி மூட்டை மூட்டையாய்க் குவிந்து மழைக்கு அஞ்சிக் கிடக்கிறது. முன்னோர் அருகில் உரித்ததைப் பச்சையாகவே குழியில் இட்டார்கள், அல்லது வெயிலில் உலர்த்தினார்கள்.

அக்காலத்தாரும் காடழித்தார்கள், ஜனத்தொகை சொற்பமாதலால் பாதகம் தெரியவில்லை, இன்றோ இத்தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன என்பாருமுண்டு, அதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் பழைய நாகரிகத்தின் மென்மை, தேவைக் குறைவால் மட்டும் வந்ததன்று. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுச் சாசனங்கள், ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவி 360 நாள், முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை என்று விதிக்கின்றன. நீரைத் தெய்வமென்று கும்பிட்டதோடு நில்லாமல், அதைக் காக்கும் பொறுப்பாளியிடம் கணக்கும் கேட்ட சமூகம் அது.

ஆகவே ஆவாரம்பட்டைக்கே திரும்புவோம் என்று நான் வாதிக்கவில்லை. ஒவ்வொரு ஷாப்புக்குள்ளும் தோலோடு வந்த உப்பு எவ்வளவு, அது வெளியேறிய வழி எது என்று ஊரார் கேட்கும் உரிமை பெற்றாலொழிய, எத்தனை சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தாலும் கிணற்று நீரின் கரிப்பு மாறாது.