ஆறா... ஏழா... எந்த ப்ளக் சார்?

சிறுவாணித் தண்ணீருக்கு அடுத்தபடியாக கோயமுத்தூர்க்காரன் பீற்றிக்கொள்ளும் சமாச்சாரம், கார்! ரேக்ளா வண்டியில் ஆரம்பித்த வேகம் இது. எண்பதுகளின் கடைசியில், மாருதி 800-ன் 796 சி.சி. இன்ஜினை வைத்தே ‘ஃபார்முலா மாருதி’ என்று ஒற்றை ஸீட் பந்தயக் காரை உருவாக்கிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995-ல் குட்டி விமான விபத்தில் அவர் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகிய நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்கே போய்விட்டார்!

அந்த ராசியோ என்னவோ, பகலெல்லாம் ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தட்டுகிற ஆசாமிகூட சாயங்காலமானால் ‘டர்போ’, ‘ரீமேப்’ என்று கிளம்பிவிடுகிறார். தப்பில்லை. ஆனால், அலாய் வீலுக்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறவர், ஸ்பார்க் ப்ளக் வாங்கும்போது மட்டும், ‘இருக்கறதுலயே நல்லதா நாலு குடுங்ண்ணா’ என்பார். அங்கேதான் வில்லங்கம்.

என் ஆபீஸ் நண்பன் ஒருவன், சீட்டு எடுத்த பணத்தோடு பேங்க் கடனையும் சேர்த்து, செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினான். இன்னும் மூணு வருஷத்துக்கு இ.எம்.ஐ. பாக்கி. கையோடு ரீமேப் பண்ணி பவரையும் ஏற்றிக்கொண்டான். ரீமேப் பண்ணிய பையன், ‘ப்ளக்கை மட்டும் ஒரு ஸ்டெப் கோல்டா போட்ருங்க’ என்று சொல்லி அனுப்பினான். இன்னொரு சிநேகிதன் போனில், ‘நம்பர் ஏறுனா கோல்டு மச்சி’ என்றான். காரில் இருந்தது ஆறு. நண்பன் அதே கம்பெனியில் ஏழு வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனான்.

மேட்டுப்பாளையம் ரோடு பக்கம் ஷெட் வைத்திருக்கும் அந்தப் பெரியவர், டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, இது மைக்கோவாச்சே? யாரு ஏழு வாங்கச் சொன்னது?”

1951-ல் ஆரம்பித்த மைக்கோ கம்பெனி, 2008-லேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெரியவருக்கு அது என்றைக்கும் மைக்கோதான்!

“நம்பர் ஏறினா கோல்டுதானே அண்ணா?” என்றான் நண்பன்.

“அது என்.ஜி.கே.-வுக்குங். இதுல நம்பர் ஏறுனா ஹாட்டுங்!”

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என்.ஜி.கே., டென்ஸோ இரண்டிலும் நம்பர் கூடக் கூட ‘கோல்டு’. பாஷ், சாம்பியனில் அப்படியே தலைகீழ். கூடக் கூட ‘ஹாட்’. என்.ஜி.கே.யில் ஆறு என்பது பாஷில் ஏழு; அங்கே ஏழு, இங்கே ஆறு! நண்பன் ஒரு ஸ்டெப் குளிர வைக்கப் போய், ஒரு ஸ்டெப் சூடேற்ற இருந்தான்.

ஹாட், கோல்டு என்றால் தீப்பொறியின் சூடு இல்லை. ப்ளக்கின் முனை எவ்வளவு சீக்கிரம் தன் சூட்டை இன்ஜின் தலைக்கு இறக்கிவிடுகிறது என்பதுதான் கணக்கு. உள்ளேயிருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும் - அது ஹாட். குட்டையாக இருந்தால் சட்டென்று இறங்கும் - கோல்டு. முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படிகிற கரி தானாக எரிந்து போகும். 850-ஐத் தாண்டிவிட்டால் முனையே தணல் மாதிரி ஆகி, ஸ்பார்க் வரும் முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். அப்புறம்?

பெரியவர் பேசாமல் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்து நீட்டினார். நடுமண்டையில் எட்டணா அகலத்துக்கு உருகிப்போன ஓட்டை. நண்பன் முகத்தில் மூணு வருஷ இ.எம்.ஐ.யும் ஒரே நிமிஷத்தில் ஓடியது!

அதற்காக, ‘ரெண்டு ஸ்டெப் கோல்டாவே போட்டுடலாம்’ என்று குதிக்கவும் கூடாது. காந்திபுரம் சிக்னலில் ஊர்ந்து ஊர்ந்து போகிற காரில் அந்த ப்ளக் சூடேறாமல் கரி அப்பி, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மானத்தை வாங்கும். எழுபத்தைந்து, நூறு குதிரை கூடினால் ஒரு ஸ்டெப் என்பது பொதுவான கணக்கு. ஒன்றுமே மாற்றாத கார் என்றால், கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் நம்பரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

“அப்ப இரிடியம் போட்டா பவர் ஏறுமாண்ணா?” - நண்பன் விடவில்லை.

“பவரு ஏறாதுங். ஆயுசு ஏறும்!”

சாதா ப்ளக்கின் நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். இரிடியத்துக்கு 2,400-க்கும் மேல். அதனால்தான் அதன் முனையை அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஊசி மாதிரி செய்ய முடிகிறது. குறைந்த வோல்டேஜிலேயே பொறி பறக்கும். டர்போ காருக்கு அது நல்லதுதான். ஆனால் நம்பர் தப்பானால் இரிடியமும் பிஸ்டனைக் காப்பாற்றாது. இடைவெளியும் முக்கியம். டர்போ அழுத்தத்தில் இடைவெளி அதிகமிருந்தால் பொறி அணைந்துபோகும் என்பதால், கூட்டிய பவருக்குத் தகுந்தபடி 0.7 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைப்பார்கள். ஊசிமுனையில் கேஜை வைத்து நெம்பினால் ஒடிந்துவிடும். வளைப்பதென்றால் மேல்கம்பியை மட்டும்தான்.

மறுநாள் கடையில் டப்பாவை மாற்றி, அதே கம்பெனியில் ஐந்தாம் நம்பர் வாங்கி வந்தோம். பெரியவர், ஆறிய இன்ஜினில் ஒவ்வொன்றையும் முதலில் கையாலேயே திருகி உட்கார வைத்து, அப்புறம்தான் ஸ்பேனர் போட்டு அரைச் சுற்றுக்குச் சற்று மேலே இறுக்கினார்.

“ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, கழட்டிப் பாக்கலாம்” என்றார். மூக்கு வெளிர் காப்பிக் கலரில் இருந்தால் சரி. கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், இல்லாவிட்டால் ப்ளக் ரொம்பக் கோல்டு. வெள்ளை வெளேரென்று, கொப்புளமும் சேர்ந்திருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.

பொள்ளாச்சி, ஆனைமலை என்று சுற்றிவிட்டு நண்பன் போன வாரம் கழட்டிக் காட்டினான். மூன்று காப்பிக் கலர். நாலாவது மட்டும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை. “அது ப்ளக் சமாச்சாரம் இல்லீங் தம்பி” என்று பெரியவர் இப்போது வால்வ் சீலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.